ஏரிப்பள்ளத்து மார்கழிப் புகை

1987 டிசம்பரில் முனிலட்சுமிக்கு வயது முப்பத்தெட்டு. அதற்குள் அடுத்தடுத்து இரண்டு மார்கழிகளில், வளர்த்த பட்டுப்புழுவைக் கூடை கூடையாகக் குழியில் கொட்டி மண் தள்ளியிருந்தாள். மூன்றாவது முறையும் கொட்ட நேர்ந்தால் நிலம் போய்விடும்.

ஓசூருக்கு வெளியே, சிப்காட் மதில்கள் முடிகிற இடத்தில், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது ஏரிப்பள்ளம். கரைமேல் நின்று பார்த்தால் ஊரின் ஓட்டுக் கூரைகள் காலடியில் தெரியும். கரைக்கு அந்தப் பக்கம், மேட்டில், 1984இல் ஒரு பவுண்டரி வந்தது. இரும்பை உருக்கி மோட்டார் வண்டிகளுக்கு உதிரிபாகம் வார்க்கிற ஆலை.

ஆடியிலும் ஆவணியிலும் இந்த ஊரைக் குறை சொல்ல முடியாது. கர்நாடகத்து மேட்டிலிருந்து அடிக்கிற மேல்காற்று பவுண்டரிப் புகையைச் சுருட்டிக்கொண்டு சூளகிரிப் பக்கம் போய்விடும். ஐப்பசி கழிந்ததும் காற்று படுத்துவிடும். மார்கழியில் ஏரிப் பனி கரை தாண்டி இறங்கிப் பள்ளத்தில் உட்காரும். விடிவதற்கு முன்பே பவுண்டரியில் உலையைப் பற்றவைப்பார்கள். மேலே போக வழியில்லாத புகை பனியோடு சேர்ந்து இறங்கி, சட்டிக்கு மூடி போட்டதுபோல ஊர்மேல் நிற்கும். வெயில் ஏறினால்தான் அந்த மூடி திறக்கும். நண்பகலுக்குள் அன்றைய இரும்பை வார்த்து முடித்து உலையை அணைத்துவிடுவார்கள். ஆகவே மத்தியானம் வந்து பார்க்கிறவனுக்கு ஊர் பளிச்சென்று இருக்கும். காலையில் துவைத்துப் போட்ட வேட்டியை எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

மனிதர்கள் இருமிக்கொண்டு இருந்துவிட்டார்கள். புழுவால் அப்படி இருக்க முடியவில்லை.

முனிலட்சுமி அஞ்செட்டிக் காட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் திம்மப்பன் சாது. அவனுக்கும் சேர்த்து இவளே பேசுவாள். ஊரில் முதலில் மல்பெரி நட்டதும், புழு வளர்க்கத் தனியாக ஓடு வேய்ந்த மனை கட்டியதும் இவள்தான். அந்த மனைக்கு இவள் வைத்த சட்டம் கோயில் கருவறைக்குக்கூடக் கிடையாது. கால் கழுவாமல் நுழையக் கூடாது. தாளித்த வாசனையோடு வரக் கூடாது. பவுடர் பூசியவள், பீடி குடித்தவன், புகையிலை போட்டவன் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. தீனி போடுகிற கை ஒன்றாகவே இருக்க வேண்டும், அது தன் கையாக இருக்க வேண்டும். ஒருமுறை கூடு விலை பேச வந்த வியாபாரி முனீர் அகமது, அத்தர் பூசிக்கொண்டு வந்த குற்றத்துக்காகத் தெருவிலேயே நிற்க வைக்கப்பட்டார்.

"பொண்ணு பாக்க வந்தாக்கூட உள்ள கூப்டுவாங்கம்மா" என்றார் அவர்.

"பொண்ணு சாவாது பாய். புழு செத்துரும்" என்றாள் இவள்.

இப்படி வளர்த்த புழு 1985 மார்கழியில் செத்தது. புகை படிந்த இலையைத் தின்று, வாயில் நீர் கக்கி, உடல் தொய்ந்து, கறுத்துச் செத்தது. அடுத்த மார்கழியிலும் அதே கதை. புகையில்லாத மாதங்களில் வளர்த்த புழு நன்றாகவே கூடு கட்டியது.

தெருக்குழாயில் குடத்தை வைத்துக்கொண்டு பவுண்டரியைத் திட்டித் தீர்த்தாள். முதலில் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கேட்காததுபோல இருந்தார்கள். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"ஊட்டுல தீட்டு பாக்கறதில்ல, புழு செத்தா பவுண்டரிமேல பழி" என்றாள் நாராயணம்மா. அவளுடைய மூத்த மகன் பவுண்டரியில், இரும்பு வார்க்க மணலில் அச்சுப் பிடிக்கிற வேலை பார்த்தான்.

"எந்தூட்டுல தீட்டு இல்ல. உம்மூக்கச் சிந்திப் பாரு, கரியாட்டம் வருது."

"வரட்டும். கரிதான் எனக்குச் சோறு போடுது. உம்புழு செத்தா புழுதான் சாவும். அந்தப் பவுண்டரிய இழுத்து மூடிட்டாங்கன்னா எம்புள்ள சாவான். போடி புழுக்காரி!"

அன்றிலிருந்து அவள் பெயர் புழுக்காரி. ஊரில் வீட்டுக்கு ஒருவர் பவுண்டரியில் இருந்தார்கள். புழு வளர்க்கிறவள் இவள் ஒருத்திதான். கணக்கு சுலபம், இவள் பக்கம் யாரும் இல்லை.

சொந்த வீட்டிலும் அதே நிலைதான். திம்மப்பனின் தம்பி ராமப்பன் பவுண்டரியில் உலைப் பிரிவில் வேலை செய்தான். நிலம் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் பிரிக்காமல் இருந்தது. உலைக்கசடு கொட்ட அந்த நிலத்தைப் பவுண்டரி கேட்டது. முழுதாக வேண்டும், பாதி வேண்டாம் என்றது. ராமப்பன் தயார். இரண்டாவது முறை புழு செத்தபோது அவன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டிவிட்டான்.

"புழு வராத நெலத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? அண்ணி பொழுதுக்கும் மண்ணுல புழுவ பொதைக்கும். நானும் பாத்துக்கினே இருக்கணுமா?"

முனிலட்சுமி எழுந்து கோயிலுக்குள் போனாள். தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னால் வைத்தாள்.

"வர்ற மார்கழியில என் கூடு மார்க்கெட்டுக்குப் போகும். போயிட்டா இவன் அந்த நெலத்தப் பத்திச் செத்தாலும் வாயத் தொறக்கக் கூடாது. போவலன்னா எம்புருசன் கையெழுத்துப் போடுவாரு."

உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள். திம்மப்பனை யாரும் கேட்கவில்லை. கற்பூரம் அணைத்த பேச்சை மாற்றுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நடுச்சுவர் ஒன்றுதான். சொல்ல வேண்டிய அவசியம் வந்தால் கோழியைத் திட்டுகிற சாக்கில் உரக்கச் சொன்னால் சுவர் தாண்டிப் போய்ச் சேரும். கோழியிடம் சொல்லத் தோன்றாத விஷயம் சேராது.

தர்மபுரிக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். மனு எங்கெங்கோ சுற்றி, ஆவணி மாதத்தில் ஒரு அதிகாரியை ஜீப்பில் கொண்டுவந்து சேர்த்தது. இரும்புப் பெட்டிபோல ஒரு மெஷின் காற்றை உறிஞ்சியது. அதற்குள் வைத்த வெள்ளைக் காகிதம் சாயங்காலமும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. ஆவணிக் காற்றில் தென்னை மட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"நல்லாத்தானம்மா இருக்கு" என்றார் அதிகாரி.

"வெள்ளம் வடிஞ்சப்புறம் வந்து ஆத்த அளந்துட்டு, தண்ணியே இல்லன்னா எப்டி சார்? மார்கழியில வாங்க. வெடியக்காலம் வாங்க."

அவர் இளைஞர். கோபப்படவில்லை. மார்கழியில் வருவதாகச் சொன்னார்.

அவர் வருவதற்கும் புழு கூடு கட்டுவதற்கும் ஒரே மாதம் பொருந்தியது. முனிலட்சுமி அதைத்தான் விரும்பினாள். புகையும் இருக்க வேண்டும், அதை அதிகாரி அளக்க வேண்டும், தன் புழு மட்டும் பிழைக்க வேண்டும். ஒரே கல்லில் பவுண்டரியையும் கொழுந்தனையும் அடித்துவிடலாம்.

ஆகவே அந்த வருடம் மனையை அடைத்தாள். ஜன்னல்களுக்கு ஈரச் சாக்கை இரண்டடுக்காக அடித்தாள். ஓரங்களில் செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினாள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் வைக்கோல் திணித்தாள். குளிர்காலத்தில் புழுவுக்குச் சூடு வேண்டும் என்று மனைக்குள் கரிச் சட்டி வைப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். மற்ற வருடங்களில் ஜன்னல் திறந்திருந்ததால் கரியின் நெடி வெளியே போய்விடும். இந்த வருடமும் சட்டி எரிந்தது.

திம்மப்பன் ஒருமுறை கேட்டான்.

"ஏமே, புழுவுக்குக் காத்து வேணாமா?"

"எந்தக் காத்து? பவுண்டரிக்காரன் உடற காத்தா? வெயில் வந்ததும் தொறப்பேன்."

சொன்னபடியே செய்தாள். பனி விலகிய மத்தியானங்களில் ஒரு ஜன்னலின் சாக்கைச் சுருட்டி, மாலையில் மறுபடி இறக்கினாள். புழு நன்றாக வளர்ந்தது. தோலுரிக்க இரையை விட்டுப் படுப்பதை அந்தப் பக்கம் ஜுரம் என்பார்கள். நாலாவது ஜுரமும் தெளிந்து எழுந்தது புழு. இனி ஒரு வாரம் அசுரத் தீனி, பிறகு கூடு. அவள் மனையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புகை நுழையும் என்று பயம். அங்கேயே பாய் போட்டாள். திம்மப்பன் கரைக்கு மேலே போய் இலை பறித்துக் கழுவிக்கொண்டு வந்து, கதவை முழங்கை அகலம் திறந்து உள்ளே தள்ளுவான். மார்கழி பிறந்தாலே அவனுக்கு மூக்கடைப்பு. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவனுக்கு அந்த மாதத்தில் ஒன்றுதான்.

அந்த வாரத்தில் வானம் மூடிக்கொண்டது. தூறலும் பனியுமாக இருந்தது. மத்தியானத்திலும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் புகைபோக்கி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முனிலட்சுமி கதவிடுக்கில் பார்த்தாள். வெள்ளையாக மூட்டம் நின்றது. புகை என்று முடிவு செய்தாள். சாக்கை இறக்கியபடியே விட்டாள்.

மறுநாள் புழு தீனியை விட்டது. தலையைத் தூக்கி, எதையோ தேடுவதுபோல அசைத்தது. சில தட்டுகளில் வாயில் பச்சை நீர் கசிந்தது. இந்த அடையாளம் அவளுக்குத் தெரிந்ததுதான், இரண்டு மார்கழி பார்த்ததுதான். எங்கோ இடுக்கு இருக்கிறது, அதன் வழியாகப் புகை வருகிறது. எழுந்து, செம்மண் குழைத்து, கைக்கு எட்டிய விரிசலையெல்லாம் அடைத்தாள். குளிர் அதிகமாக இருக்கிறதே என்று இன்னொரு கரிச் சட்டியும் வைத்தாள். அவளுக்கே தலை கிறுகிறுத்தது. அதையும் பவுண்டரிக் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் காலை ஜீப் வந்தது.

மெஷினை இறக்கினார்கள். அன்று ஊரில் கரண்ட் போயிருந்தது. பவுண்டரி மேனேஜர் சென்னியப்பன் தானாகவே ஒயர் இழுத்துக்கொண்டு வந்து நின்றார். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், வெள்ளைச் சட்டை, தலையில் குரங்குக் குல்லா.

"நம்ம லைன்லயே போட்டுக்கோங் சார். மடியில கனமிருந்தாத்தானுங் வழியில பயம்?"

ஊர் கூடிவிட்டது. பாதிப் பேர் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. மனைக் கதவு திறந்தது. முனிலட்சுமி ஒரு மூங்கில் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து அதிகாரியின் காலடியில் வைத்தாள். விரல் பருமனில் புழுக்கள், தொய்ந்து கிடந்தன. ஓரத்தில் இருந்தவை கறுக்கத் தொடங்கியிருந்தன.

"மெஷினு எதுக்கு சார்? இத அளங்க."

அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கண் சிவந்து, கால் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"இது எப்போலேர்ந்தும்மா?"

"நேத்திலேர்ந்து. முந்தா நாளே ஆரம்பிச்சிருக்கும். தோ, இந்தக் குல்லாக்காரரக் கேளுங்க, இன்னா எரிச்சாருன்னு."

சென்னியப்பன் குல்லாவைக் கழற்றினார்.

"ஏனம்மிணி, நாங்க மூணு நாளா உலையப் பத்த வெக்கவே இல்லீங்களே. உள்பூச்சு கொட்டிப்போச்சு, செங்கல் மாத்தறோம். வேணும்னா மேல வந்து பாத்துக்கோங். உள்ள ஆளு எறங்கி வேலை செய்யறான். எரியற உலைக்குள்ள ஆள எறக்குவாங்களா?"

"பொய்யி!"

"உங்கூட்டு ஆளயே கேளுங்."

கூட்டம் விலகி ராமப்பனைக் காட்டியது. அவன் அதிகாரியைப் பார்த்துத்தான் பேசினான்.

"நெசந்தான் சார். திங்கக்கெழம காலைலேர்ந்து உலை ஆறிக் கெடக்குது. நாந்தான் செங்கல்லு எடுத்துக் குடுக்கறேன்."

முனிலட்சுமி ஒரு வருடத்துக்குப் பிறகு கொழுந்தனிடம் நேராகப் பேசினாள்.

"உனுக்குத் தெரியுமா? மூணு நாளா எரியலன்னு உனுக்குத் தெரியுமா? நான் உள்ள மூடிக்கினு கெடக்கறதப் பாத்துக்கினு, செவுத்துக்கு அந்தாண்டதான இருந்த?"

"நீ கேட்டியா?" என்றான் ராமப்பன்.

அவள் திரும்பி மனைக்கு நடந்தாள். பக்கவாட்டு ஜன்னலில் காய்ந்து இறுகியிருந்த செம்மண்ணை நகத்தால் பெயர்த்து, சாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது. உள்ளேயிருந்து சூடும் கரி நெடியும் அவள் முகத்தில் அடித்தன. கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். அவளுக்குப் பின்னால் காலைக் காற்று குளிர்ந்து, ஈரமண் வாசனையோடு, வேறு எந்த வாசனையும் இல்லாமல் நின்றது. இரண்டுக்கும் நடுவே அவள் நின்றாள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கரிச் சட்டிகள் இரண்டும் கனன்றுகொண்டிருந்தன.

"இதுக்குள்ளயா படுத்திருந்தீங்க? நீங்க உயிரோட இருக்கறதே பெரிசும்மா."

"அடப்பாவமே, அவ மூட்டுன பொகையில அவ புழுவே செத்துருச்சு" என்றாள் நாராயணம்மா. யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள்.

முனிலட்சுமி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வழி இருந்தது. போன வாரத்துப் புகை இலையில் ஒட்டியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். அவள் அதிகாரியிடம் வந்தாள்.

"சார், இந்த வருசம் செத்தது என் கையால. ஒத்துக்கறேன். போன ரெண்டு வருசம் செத்தது இவங்க பொகையால. ரெண்டையும் எழுதுங்க."

"அப்ப நான் அளக்கலையேம்மா. இன்னிக்கு அளந்ததத்தான் நான் எழுத முடியும்."

"நாளைக்கு இருங்க. நாளைக்கு எரிப்பாங்க இல்ல?"

அவர் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார். மறுநாள் அதிகாரிக்கு மேட்டூரில் வேலை இருந்தது. சாயங்காலம் மெஷினை ஜீப்பில் ஏற்றினார்கள். காகிதம் வெள்ளையாக இருந்தது. அவர் வரும் தேதி பவுண்டரிக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருத்தியின் பேச்சு அன்றைக்கு எடுபடாது.

ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, கரிச் சட்டிகளை வெளியே வீசி, உயிரோடு இருந்த புழுவைப் பொறுக்கிப் புது இலை போட்டாள். சில தின்னக்கூடச் செய்தன. விடிகாலையில் பவுண்டரி உலையைப் பற்றவைத்தது. மூன்று நாள் ஓய்வெடுத்த உலை மும்மடங்கு கக்கியது. திறந்து கிடந்த ஜன்னல்கள் வழியாகப் புகை தாராளமாக உள்ளே வந்தது. வெயில் ஏறியபோது முனிலட்சுமி இருமிக்கொண்டே மல்பெரி வரிசை ஓரத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். திம்மப்பன் கூடைகளைச் சுமந்துவந்தான். நாராயணம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனாள்.

"இன்னிக்குக் காத்து எப்டிக் கீது?" என்று கேட்டாள் முனிலட்சுமி.

நாராயணம்மாவும் இருமிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் ராமப்பன் ஆட்களைக் கூட்டிவந்தான். திம்மப்பன் கையெழுத்துப் போட்டான். கற்பூரத்தை அணைத்தவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு என்று பேச்சு.

"அண்ணனுங் அடுத்த மாசமே வந்துரட்டும். மணல் சலிக்கற வேலைங், லேசுதான்" என்றார் சென்னியப்பன்.

"அவருக்கு மார்கழி வந்தா மூச்சு நிக்குது. அவரு வரமாட்டாரு. நான் வர்றேன்."

"நீங்களா? ஏனம்மிணி, இத்தன நாளு எங்கள வையாத வார்த்தையில்ல, இப்ப எங்ககிட்டயே வேலைக்கா?"

"வெளிய இருந்து பாத்தேன், உங்க உலை எப்ப எரியுது எப்ப எரியலன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே உள்ள இருந்து பாக்கறேன். ஒங்களுக்கு இன்னா, மடியில கனமா?"

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ராமப்பன், "வேணாம் சார், அண்ணியச் சேத்துக்காதீங்க" என்றான். பத்திரத்தில் குடும்பத்தில் ஒருவர் என்றுதான் இருந்தது, ஆண் என்று இல்லை.

பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை மல்பெரிச் செடிகளை வேரோடு பிடுங்க ஆட்கள் நிலத்தில் இறங்கினார்கள். அன்று காலை ஷிப்டில் முனிலட்சுமி பவுண்டரியில் மணல் சலிக்கப் போனாள்.